டி டிரைவில் இல்லாத பெயர்

நாற்பத்தொன்று. அரை மணிக்கு முந்திப் பார்த்தபோது முப்பத்துமூன்று. இந்தப் பச்சைப் பட்டை நகர்கிறதா, நகர்கிற மாதிரி நடிக்கிறதா என்று தெரியவில்லை, நானும் காலை ஆறு மணியிலிருந்து அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. பட்டைக்குக் கீழே இங்கிலீஷில் சிவப்பாக ஒரு வரி. எனக்கு ஐந்தாம் வகுப்பு, தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அந்த வரியைப் போட்டோ பிடித்துக் கோட்டைச்சாமிக்கு அனுப்பினேன், இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தவன் அவன்தானே. அவன் பேச்சாகவே பதிந்து அனுப்பினான். இப்ப டி-யைத் தூக்கித் தள்ளி வச்சுக்கிட்டு இருக்குதுக்கா, நடுவுல நிறுத்திராதீங்க, கரண்ட் மட்டும் போச்சுன்னா டி போச்சு, மத்தபடி ஒண்ணும் ஆகாது. மற்றபடி ஒன்றும் ஆகாதாம். சொல்லும்போது வாயில் வடை. உளுந்த வடை இல்லை, பருப்பு வடை, அந்த மொறுமொறுப்பு எனக்குத் தெரியாதா, படிப்புத்தான் இல்லையே தவிர காது என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. டி போச்சு என்கிற சொல்லை ஒரு மனுசன் பருப்பு வடையை மென்றுகொண்டே சொல்கிறான். டி-யில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் மெல்லுகிறான். டி-யில் என் தொண்டை இருக்கிறது. இருபத்தெட்டு வருசம் இந்தப் போடி ஊருக்கு மைக்கில் அறிவிப்புச் சொன்ன குரல் இருக்கிறது. போன வருசத்துக்கு முந்தின வருசம் கழுத்தில் கழலை எடுத்தார்கள், நூற்றில் ஒருத்தருக்கு நரம்பு போகலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள், அந்த நூற்றில் ஒருத்தி நான். இப்போது வாயைத் திறந்தால் அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு காற்று வருகிறது. பழைய குரல் உலகத்தில் வேறெங்கேயும் இல்லை, இந்தத் தகரப் பெட்டிக்குள் டி என்கிற ஒரு பாகத்தில்தான் இருக்கிறது, அதைத்தான் இப்போது ஏலக்காய் மூட்டை மாதிரித் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொன்று. இன்னும் நாற்பத்தொன்றேதான்.

எல்லாம் அவன் ஆரம்பத்தில் பண்ணிய வேலை. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி பெட்டியைக் கொண்டுவந்து இறக்கும்போதே உள்ளே இருக்கிற இடத்தைக் கூறு போட்டான், சி-க்கு நாற்பது ஜிபி, மிச்சம் நானூற்றுச் சொச்சமும் டி-க்கு. சி மட்டும் ஏன் தம்பி இத்தனூண்டு என்று கேட்டேன், அப்போது குரல் இருந்தது, கேட்டால் தெருமுக்கு வரைக்கும் கேட்கும். சி-யில் விண்டோஸ் மட்டும்தான் குடியிருக்கும், நாற்பது தாராளம், நீங்க என்ன ராக்கெட்டா விடப்போறீங்க என்றான். சி என்றைக்கிருந்தாலும் சாகும், டி சாகாது, உசுரான சாமானெல்லாம் டி-யில் வையுங்கள், சி-யில் ஒரு போட்டோகூட வைக்காதீர்கள். ஊரில் பெட்டி வாங்கிய அத்தனை பேருக்கும் இவன் ஓதிய மந்திரம் இதுதான், ஸ்டூடியோக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரம்மா, எல்லார் பெட்டியிலும் சி குருவிக்கூடு, டி கல்யாண மண்டபம். குடிவந்த விண்டோஸ் சும்மா இருந்ததா? மாசம் தவறாமல் அப்டேட் அப்டேட் என்று சாமான் வாங்கி வாங்கிப் போட்டு, இந்தத் தை மாசத்தில் சி சிவந்துபோனது, குரலை வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேரைத் திறந்தால் இடமில்லை போ என்கிறது. டி-யில் இருநூறு சும்மா கிடக்கிறது. அதில் ஐம்பதை எடுத்து சி-க்குக் கொடு என்றால் அதற்கு எத்தனை வம்பு. முதலில் டி-யைச் சுருக்கச் சொன்னால், ஐம்பது கேட்ட இடத்தில் இரண்டுதான் தருவேன் என்றது. ஏன் என்று கேட்டதற்கு, டி-யின் கடைசியில் நகர்த்தவே முடியாத ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கிறது, அது எழுந்திருக்காமல் சுருங்காது என்றான் கோட்டைச்சாமி. அதை யார் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்தது? அவனேதான், சி-யின் பாரம் குறையட்டும் என்று பேஜ் ஃபைல் என்ற ஒன்றை டி-க்கு மாற்றிவிட்டுப் போனான், போனவன் மறந்தும் போனான். அதை அணைக்க ஒரு நாள், ரெஸ்டோர் என்று இன்னொன்று, அதை அணைக்க ஒரு நாள். மூன்றாம் நாள் ஐம்பது கிடைத்தது, கறுப்புக் கட்டமாக, யாருக்கும் சொந்தமில்லாமல், பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். சி-யின் மேல் வைத்து வலது பொத்தானை அமுக்கினால் நீட்டு என்பதற்கு எக்ஸ்டெண்ட் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, இருக்கிறதே தவிர சாம்பல் பூத்துக் கிடக்கிறது, அமுக்கினால் அமுங்கவில்லை. நூறு தடவை அமுக்கியிருப்பேன். பெட்டியை அணைத்துப் போட்டு அமுக்கினேன், சாமி கும்பிட்டுவிட்டு அமுக்கினேன். அப்புறம்தான் அந்த மகராசன் சொல்கிறான், சி, அதற்கடுத்து டி, டி-க்கும் அந்தாண்டைதான் காலி இடம் விழுந்திருக்கிறது, தன்னை ஒட்டினாற்போல இருந்தால்தான் சி எடுத்துக்கொள்ளும் என்று. அதை முதல் நாளே சொன்னால் என்ன? பஸ்ஸில் கடைசி சீட்டு காலி, டிரைவருக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் வேண்டும், நடுவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எழுந்து பின்னால் நகர்ந்தால்தான் முன் சீட்டு காலியாகும். அதற்கென்று தனியாக ஒரு சாஃப்ட்வேர் அனுப்பினான். சரி, எல்லாரும் எழுந்து நகர்கிற நேரத்தில் டிரைவர் பிரேக் அடித்தால்? என் டி முழுக்க இப்போது பஸ்ஸுக்குள் எழுந்து நின்றுகொண்டிருக்கிறது.

நாற்பத்துநாலு. இதற்கு ஏன்க்கா இத்தனை பாடு, பழசையெல்லாம் அழிச்சு விடுங்க, இப்ப கம்ப்யூட்டரே பேசுது என்று சொல்லிப் போன மாசம் ஒரு பொம்பளைக் குரலை அனுப்பி வைத்தான் பாருங்கள், அன்றைக்கு அவன் என் எதிரில் இருந்திருந்தால் என்ன பண்ணியிருப்பேனோ. அந்தப் பொம்பளை மூச்சே விடாமல் பேசுகிறாள். கல்யாணத்துக்கும் ஒரே குரல், கருமாதிக்கும் ஒரே குரல். 'காலமானார்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்த வேண்டும், அடுப்படியில் நிற்கிறவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்கு அந்த ஒரு நொடி, அது அந்த மிசினுக்கு எப்படித் தெரியும். குரல் போன பிறகு நான் எப்படித் தொழில் நடத்தினேன் என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பழைய பதிவையெல்லாம் டி-யிலிருந்து எடுத்து வார்த்தை வார்த்தையாக நறுக்கினேன், ஏழு மாசம். அன்பார்ந்த, பொதுமக்களே, நாளை, காலை, தள்ளுபடி, தண்ணீர், வராது, நல்லடக்கம், எல்லாம் ஒரு ஃபோல்டர். பேர் தனி ஃபோல்டர், செத்தவர்கள் பேர், காதுகுத்தினவர்கள் பேர், கடைக்காரர்கள் பேர். 'நாளை' மட்டும் முப்பத்தொன்று வைத்திருக்கிறேன், சந்தோசமான நாளை, அவசர நாளை, துக்க நாளை, எதற்கு எதைக் கோர்ப்பது என்று எனக்குத்தான் தெரியும். புது அறிவிப்பு வந்தால் பூக்கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்து, ஒட்டின இடம் காதில் இடறுகிறதா என்று மட்டும் கேட்டுக் கேட்டுச் சரி பண்ணி, ஆட்டோ ஓட்டுகிற சிக்கந்தர் கையில் பென் டிரைவைக் கொடுத்து விடுவேன். அவன் ஆட்டோவில் குழாய் ரேடியோ கட்டித் தெருத்தெருவாகப் போவான். நீங்க வாயைத் திறக்காட்டியும் ஊரு உங்க பேச்சைத்தான் கேக்குதுக்கா, எங்க வீட்ல நான் கத்துனாலும் ஒரு ஆளு கேக்கல என்பான். சிரித்துக்கொள்வேன். ஒரு வார்த்தை இல்லையென்றால் வேறு வார்த்தையில் உள்ள எழுத்தை வெட்டி ஒட்டிப் பார்ப்பேன், வராது, மூச்சு வேறாக இருக்கும். டி-யில் எல்லாத்துக்கும் அடியில் ஒன்று இருக்கிறது, கேசட்டிலிருந்து ஏற்றியது, வீரபாண்டித் திருவிழாவில் நான் முதன்முதலாக மைக்கைப் பிடித்தது. ஒரு பிள்ளை தொலைந்துபோய் மைக் மேடையில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், சிவப்புச் சட்டை, மூக்கு ஒழுகுகிறது, பேர் கேட்டால் அம்மா என்கிறது, ஊர் கேட்டாலும் அம்மா என்கிறது. மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பிள்ளையைத் தூக்கவில்லை, முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேசட்டில் அவள் அழுகிற சத்தமும் இருக்கிறது. அழிச்சு விடுங்கக்கா என்கிறான். நாசமாய்ப் போகிறவன்.

கீழே கொட்டகையில் என் வீட்டுக்காரர் வயர் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சுற்றுவார், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உஸ். முப்பத்தைந்து வருசமாகக் கேட்கிற உஸ். மைக் செட் அவருடையது, குரல் என்னுடையது, அப்படித்தான் குடும்பம் ஓடியது. மைக்கை வாயில் ஒட்டாதே, மூக்குக்கு நேராகப் பிடி என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காதுகுத்து. அதைத் தாண்டி என் மனசு நகரவே மாட்டேன் என்கிறது, நகர்த்த முடியாத ஃபைல் என்று ஒன்று எனக்குள்ளும் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. பதினாலு மாசம் ஆகிறது. தேவாரம் ஊரில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து, பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், யாரோ ஒரு மனுசி பாவம் பார்த்து மதினிக்கு இன்னும் குரல் வரலையா என்று கேட்டாள். இவர் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே சொன்னார், முப்பத்தஞ்சு வருசத்துல இப்பத்தாம்மா வீட்ல வால்யூம் கொறைஞ்சிருக்கு, நிம்மதியா இருக்கு. பந்தி முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன. நானும் சிரித்தேன் பாருங்கள், அதுதான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்தச் சுரண்டல் சத்தத்தோடு நானும் ஹெஹ் ஹெஹ் என்று சேர்ந்து சிரித்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தவள்தான். அன்றையிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்கந்தரிடம் பேசுவேன், பால்காரம்மாவிடம் பேசுவேன், சுரண்டலோ பிராண்டலோ ஏதோ ஒன்று, அவர்களுக்குப் புரிகிறது. அவரிடம் மட்டும் இல்லை. மாடிக் கம்பியில் டம்ளரால் மூன்று தட்டு தட்டினால் சாப்பாடு. இரண்டு தட்டினால் யாரோ வந்திருக்கிறார்கள். அவர் என்னவென்றால் எனக்குச் சுத்தமாகவே பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா, என்னிடம் கேட்டாரா, இல்லை, நிம்மதியாக இருக்கிறார். நம் பக்கம் புருசன் பேரைப் பொண்டாட்டி சொல்லக்கூடாது. நானும் வீட்டில் ஒரு நாள் சொன்னதில்லை. மைக்கில் மட்டும் சொல்வேன், ஒவ்வொரு அறிவிப்பும் முடிகிற இடத்தில் ஒலிபெருக்கி தவமணி ரேடியோஸ் என்று, தொழிலுக்குக் குற்றமில்லை என்று மாமியாரே சொல்லிவிட்டார். தெருப் பொம்பளைகள் கேலி பண்ணுவார்கள், வீட்ல கூப்பிட முடியாததை ஊரைக் கூட்டிக் கூப்பிடுறா பாரு என்று. பேர் ஃபோல்டரில் 'தவமணி' பத்தொன்பது இருக்கிறது, விதவிதமாக, கொஞ்சுகிற மாதிரி ஒன்றுகூட இருக்கிறது. போன மாசம் ஒரு நாள் கோபத்தில் என் சாவு அறிவிப்பை நானே கோர்த்துப் பார்த்தேன். இவர் எந்த மிசின் பொம்பளையைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாரோ, நானே சொல்லிவிட்டுப் போகிறேன் என்று. அன்பார்ந்த பொதுமக்களே இருக்கிறது. தவமணி இருக்கிறது. அவர்களின் மனைவி இருக்கிறது. காலமானார் பதினாறு இருக்கிறது. என் பேர் இல்லை. ஃபோல்டர் முழுக்கத் தேடினேன், டி முழுக்கத் தேடினேன். இருபத்தெட்டு வருசத்தில் ஊரார் பேர் அத்தனையும் சொன்னவள் ஜெயக்கொடி என்று ஒரு தடவை மைக்கில் சொல்லவில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது. அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

நாற்பத்தொன்பது. இப்போது கொஞ்சம் வேகம் பிடித்த மாதிரி இருக்கிறது. டிஸ்க் ஓடுகிற சத்தமும் சீராக இருக்கிறது, கட கட கட என்று ஒன்று, நடுவில் மெல்லிசாக ஒரு விசில். பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும் போல. முடிந்ததும் சி-யை நீட்டிவிட்டு, டி-யைத் திறந்து முதல் வேலையாக அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளையை ஒரு தடவை போட்டுக் கேட்க வேண்டும். அதோ சிக்கந்தர் ஆட்டோ வருகிறது, சைலன்சர் ஓட்டையை மாற்றவே மாட்டான். அதற்கு முன்னால் என் குரல் வருகிறது. தெருவில் என் குரல் வரும்போது எனக்கு இன்னமும் முதுகு நிமிரும், என்ன பண்ண. அன்பார்ந்த வியாபாரப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. 'ஓர்' நன்றாக விழுந்திருக்கிறது, அது ஒரு கோயில் கும்பாபிசேகத்திலிருந்து எடுத்தது. மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக. 'காரணமாக' ஒட்டின இடம் லேசாக இடறுகிறது, நேற்றே சந்தேகப்பட்டேன், சி-யில் இடமில்லாமல் சாஃப்ட்வேர் நின்று நின்று ஓடியது, இருந்த ஆத்திரத்தில் போதும் என்று விட்டுவிட்டேன். இன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை. 'ஒன்பது' ஜவுளிக்கடை ஒன்பது. நம் பகுதியில் மின்சாரம் இருக்காது. 'இருக்காது' கொஞ்சம் சோகம் கூடிப்போச்சு. சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு. மின்சாரம். மின்சாரம் இருக்காது. இன்று காலை ஒன்பது மணி முதல். ஐயோ. ஐயோ, நான்தான் கோர்த்தேன், வியாபாரிகள் சங்கத்திலிருந்து வந்த சீட்டைப் பார்த்து நேற்று சாயங்காலம் இந்தக் கையால்தான் கோர்த்தேன், ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன், ஒட்டு இடறுகிறதா என்று கேட்டேனே தவிர, என்ன சொல்கிறேன் என்று ஒரு தடவை கேட்டேனா? ஊருக்கே சொல்லிவிட்டு நான் கேட்கவில்லை. கூறுகெட்டவள். கோட்டைச்சாமியைச் சொன்னேன், மிசினைச் சொன்னேன். மணி எட்டு ஐம்பத்திரண்டு. நடுவில் நிறுத்தக்கூடாது. பேர் ஃபோல்டரையாவது பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று விடியக்காலை நினைத்தேன். அந்தப் பென் டிரைவ் எங்கே? அதோ சிக்கந்தர் ஆட்டோவில் பேசிக்கொண்டே போகிறது. ஆறு மணிக்கு வந்து கேட்டான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பது அடிக்கவில்லை, ஒரு நிமிசம் முந்தியே போய்விட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த சத்தம், தெரு முழுக்க இருந்த மோட்டார்களின் முனகல் எல்லாம் ஒரே வெட்டாக வெட்டி எடுத்த மாதிரி. அப்புறம் மேசைக்கடியில் இருக்கிற பேட்டரிப் பெட்டி, அந்த யுபிஎஸ், கத்துகிறது, பீப், பத்து எண்ணுகிற நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி பீப். புதுசில் இருபது நிமிசம் நிற்கும் என்றான் கோட்டைச்சாமி, மூன்று வருசம் ஆயிற்று, இப்போது பத்து நின்றால் என் அதிர்ஷ்டம். மானிட்டரை அணைத்துவிட்டேன், அது வேறு எதற்குத் தின்ன வேண்டும். அணைக்கும்போது ஐம்பத்திரண்டு. இனிமேல் காதுதான். கட கட கட, விசில், கட கட. ஓடுகிறது. பீப். கோட்டைச்சாமிக்குப் போன் போட்டேன், ரிங் போகிறது, எடுக்கவில்லை, எடுத்தாலும் வடையை முழுங்கிவிட்டு ஒன்றும் ஆகாதுக்கா என்பான். பீப். போனால் என்ன மிஞ்சும்? பென் டிரைவில் உள்ள அந்த ஒரு அறிவிப்பு. விரல் விட்டு எண்ணினேன், அன்பார்ந்தவில் ஆரம்பித்து ரேடியோஸ் வரை இருபத்தெட்டு வார்த்தை. வருசத்துக்கு ஒன்று. அந்த இருபத்தெட்டை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுசுக்கு நான் என்ன சொல்வது? தவமணி, இன்று முதல் மின்சாரம் இருக்காது. தவமணி, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பொறுத்துக்கொள்ளுமாறாம். த்தூ. கோபத்துக்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. அதில் மட்டுமா, டி முழுக்கவே இல்லை, நாலாயிரம் வார்த்தையும் மரியாதை, தாழ்மை, நன்றி, வணக்கம். கோபப்படுகிற ஜெயக்கொடியை யாரும் காசு கொடுத்துப் பதியவில்லை. பீப். கொட்டகையில் ஜெனரேட்டர் இருக்கிறது. அது எனக்கு மானிட்டரை அணைக்கும்போதே தெரியும், தெரிந்தும் இரண்டு நிமிசமாக வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற ஜெனரேட்டர், பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடி, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து நாலு எட்டு. கயிறு இழுத்துக் கிளப்ப எனக்குத் தோளில் பலமில்லை. அவரைக் கேட்க வேண்டும். பதினாலு மாசம் பொத்தி வைத்த கோபம், எனக்கென்று மிஞ்சின ஒரே சொத்து அது, அதை ஒரு ஜெனரேட்டருக்காக உடைப்பதா? போகட்டும் டி, போகட்டும் எல்லாம், நிம்மதியாக இருக்கட்டும் மனுசன். பீப். இப்போது பத்து எண்ணும் முன்னால் கத்துகிறது. ஏழுதான் எண்ணினேன். கட கட கட. உள்ளே அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளை எந்த சீட்டிலும் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறான், கம்பியைப் பிடிக்கக் கை எட்டவில்லை.

மாடிக் கம்பியில் டம்ளரால் தட்டுகிறேன். மூன்று தட்டு. ஜெனரேட்டருக்குத் தட்டு இல்லையே. வாரேன் வாரேன் என்கிறார் திரும்பாமல், இன்னும் ரெண்டு வயர் இருக்கு. நாலு தட்டுகிறேன், ஐந்து, ஆறு, அவர் பாட்டுக்கு உஸ், உஸ். குழாய் ரேடியோவுக்கு முன்னால் நின்று நின்று இடது காது பாதி செத்த மனுசன், அந்தப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். பீப் பீப் என்று இரண்டிரண்டாக ஆகிவிட்டது. படியிறங்கி ஓடுகிறேன், பாதிப் படியில் சேலை தடுக்கி, கம்பியைப் பிடித்து நின்று, தொண்டையைத் திறந்தேன். 'ஏங்க' வரவில்லை. 'இந்தாங்க' வரவில்லை. அந்த வார்த்தையெல்லாம் சிரித்துப் பேசுகிறவர்களுக்கு. வந்தது இதுதான்.

"தவமணி!"

வயர் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, வாசல் பக்கம் திரும்பினார், கடன் கேட்க வந்தவனோ, பழைய கூட்டாளியோ, யாரோ ஒரு தொண்டை கட்டின ஆம்பளை ரோட்டில் நின்று கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தைந்து வருசம் கூட இருந்தவள் குரல்.

"யாரு?" என்றார் ரோட்டைப் பார்த்து.

"ஜெயக்கொடி" என்றேன்.

திரும்பினார். கையில் சுற்றின வயர் முழங்கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஜெனரேட்டரைக் கிளப்பி மேலே லைன் கொடு, யுபிஎஸ் சாகப்போகிறது, என் டி போயிரும் என்று சுரண்டினேன், பாதிதான் வெளியே வந்திருக்கும். ஆனால் ஒன்று, அந்த மனுசன் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. பேச்சு நடுவில் மைக்கைச் சாகவிட்டதில்லை ஒரு நாளும், எந்த மேடையிலும், அது மட்டும் அவர் ரத்தத்தில் இருக்கிறது. தார்ப்பாயை உருவி எறிந்தார். முதல் இழுப்புக்கு இருமியது. இரண்டாவது இழுப்புக்குக் கயிறு கையோடு வந்தது, அந்த ஜெனரேட்டரைப் பெற்றவளை ஒரு வார்த்தை சொன்னார். மேலே பீப் நின்று ஒரே நீட்டாகக் கூவ ஆரம்பித்துவிட்டது, பிணம் எடுக்கும்போது சங்கு ஊதுவார்களே, அப்படி. வயரின் ஒரு முனையை நான் மேலே இழுத்துக்கொண்டு ஓடுகிறேன், பிளக்கைச் சொருகுகிறேன், கயிற்றை மாட்டி மூன்றாவது இழுப்பு இழுக்கிற சத்தம், ஒரு வெடி, ஒரு புகை, அப்புறம் வீடே அதிர்கிற மாதிரி தடதடவென்று பிடித்துக்கொண்டது. கூவல் நின்றது. அந்தத் தடதடப்பில் டிஸ்க் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஓடுகிறதா நின்றதா தெரியவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், எல்லாமே அதிர்கிறது, மேசை அதிர்கிறது, என் கை அதிர்கிறது. மானிட்டரைப் போட்டேன். கறுப்பு. கறுப்பு. அப்புறம் பச்சைப் பட்டை.

ஐம்பத்தைந்து. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஐம்பத்தாறு ஆனது.

அவர் மாடிப்படி ஏறி வந்து வாசல் நிலையில் நிற்கிறார். வேட்டியில் பெட்ரோல், கையில் கயிறு அறுத்த ரத்தக் கோடு. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேச்சு வந்துருச்சா, எப்ப வந்துச்சு என்று கத்திக் கேட்கிறார், கத்தினால்தான் கேட்கும், வீடு அப்படி இரைகிறது. போகவே இல்லை என்றேன். என்ன என்று காதைக் கையால் மடித்துக் காட்டுகிறார், இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே. கேட்காது. எங்கே போயிற்று இப்போது அந்த நிம்மதி. இந்தத் தடதடப்பு நின்றால் என் குரல் போயிரும், நிற்காவிட்டால் அவருக்குக் கேட்காது, சரி, எனக்கென்ன அவசரம், பட்டைக்குக் கீழே இன்னும் இரண்டேகால் மணி நேரம் என்று காட்டுகிறது. முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, உட்காருய்யா என்று கையால் காட்டினேன். உட்கார்ந்தார். இடது காதுப் பக்கம். தோளைப் பிடித்துத் திருப்பி, வலது காது என் வாய்க்கு நேராக வருகிற மாதிரி உட்கார வைத்து, ஒட்டாமல், ஒரு சாண் தள்ளி, அந்தக் காதுகுத்திலிருந்து ஆரம்பித்தேன்.